கடைசி நிரலில் இருந்த ஒரு வசனம்

மகன், இதை ரயிலில் தொங்கிக்கொண்டு நின்று வாசிக்காதே. வேலை முடிந்து, கைகால் கழுவி, தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு ஓரிடத்தில் இருந்து வாசி. அவசரத்தில் வாசித்தால் பாதியிலேயே கோபம் வந்து எனக்குப் போன் எடுப்பாய், நான் எடுக்கமாட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன்னோடு எதைச் சொல்லி முடிக்க முடியும்? நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, சரி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று மூன்று அம்மா போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் கொப்பியில் எழுதி, அப்பாவைக் கொண்டு படமெடுப்பித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பக்கங்கள் முன்பின்னாக வந்தால் என்னைக் குறை சொல்லாதே. ஒவ்வொன்றுக்கும் மேலே இலக்கம் போட்டிருக்கிறேன்.

வருகிற மாதம் நீ எலோடியைக் கூட்டிக்கொண்டு உருத்திரபுரத்துக்கு வருகிறாய். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டுகிறாய். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று, முன் அறைக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. எல்லாம் ஒழுங்குதான். ஆனால் அந்தப் பிள்ளை எங்கள் வாசலில் கால் வைக்க முதல் நான் நேராக்கவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. அதை நேற்றுச் செய்துவிட்டேன். நீ எதைச் செய்யவேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கினாயோ அதைத்தான் செய்தேன். ஏன் செய்தேன், பிறகு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

இரண்டு வருசத்துக்கு முதல் நீ வீடியோ கோலில் அவளை முதன்முதலாகக் காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். நான் குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். அப்பா அவசரமாகச் சேர்ட் போட்டுக்கொண்டு ஓடிவந்து, பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பிள்ளை இரண்டு கையையும் கூப்பி "வணக்கம் அம்மா" என்றாள். எத்தனை தரம் சொல்லிப் பழகினாளோ தெரியாது, நெற்றியெல்லாம் வியர்வை. நான் என்ன செய்தேன்? வாயால் சிரித்தேன். சிரித்த முகத்தோடேயே உன்னிடம் தமிழில் சொன்னேன்: "வடிவான பிள்ளைதான். ஆனா இவள் எங்கட வாசல் மிதிக்க நான் விடமாட்டன் எண்டு சொல்லு." அவளுக்கு விளங்காது என்று தெரிந்துதான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பா என் கையைக் கிள்ளினார். நீ ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாய். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். அவள் நெஞ்சில் கை வைத்து "மெர்சி" என்றாள்.

அடுத்த நாள் நீ போன் எடுத்துச் சொன்னாய்: "முதல் பாதியைத்தான் சொன்னனான் அம்மா, வடிவெண்டு சொன்னதை. மற்றதைச் சொல்லேல்லை. அவளுக்கு ஒண்டும் தெரியாது." எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த ஆறுதல் வந்த பிறகுதான் வெட்கமும் வந்தது. ஒரு பிள்ளை கைகூப்பி நிற்க, அவளுக்குத் தெரியாத பாசையில் முகத்துக்கு நேரே ஏசுவது என்ன வீரம்? சீ! என் அம்மா உயிரோடிருந்து கேட்டிருந்தால் எனக்கு அகப்பைக் காம்பால் விழுந்திருக்கும்.

ஊருக்கு நான் வேறு காரணம் சொன்னேன். வெள்ளைக்காரப் பிள்ளை, சாமி கும்பிடத் தெரியாது, சோறு கறி சரிவராது என்றெல்லாம் கதைத்தேன். எல்லாம் வெறும் கதை. எனக்கு இருந்தது பயம், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் இங்கிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தபோது, சனத்துக்குள் நீ தவறிப் போய்விடுவாய் என்று என் சீலைத்தலைப்பைக் கிழித்து உன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். உனக்கு அப்போது பதினாலு வயது. "நானென்ன சின்னப் பிள்ளையே, எல்லாரும் பாக்கினம் அம்மா" என்று சிணுங்கிக்கொண்டே வந்தாய். அப்படிக் கட்டி வைத்திருந்த பிள்ளையை நாலு வருசம் கழித்து நானே விமானத்தில் ஏற்றினேன். போனவன் ஒருநாள் திரும்பி வந்து இங்கேயே இருப்பான் என்று எனக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். எலோடியின் முகம் போனில் தெரிந்ததும் அந்த நினைப்பு முடிந்துபோனது. அதுதான் அந்த வார்த்தையாக வெளியில் வந்தது. இது காரணமே தவிர, நியாயம் இல்லை.

அந்த நாட்களில்தான் நீ கப்பலில் போட்ட பெட்டி வந்தது. சம்பூ, சவர்க்காரம், அப்பாவுக்குச் சப்பாத்து, இவற்றோடு போத்தல்கள் ஆடாமல் இடையில் செருகிய ஒரு பழைய புத்தகம். நீ பாரிசுக்குப் போன புதிதில் தெருவோரத்தில் வாங்கிய பிரெஞ்சு இலக்கணப் புத்தகம். அட்டை இல்லை, உள்ளே இங்கிலீசில் விளக்கம் இருந்தது, ஓரத்தில் உன் கையெழுத்தில் தமிழ்க் குறிப்புகள் பத்துப் பக்கம் வரைக்கும் இருந்தன. பதினோராம் பக்கத்திலிருந்து குறிப்பைக் காணவில்லை. நீ எந்தப் புத்தகத்தைத்தான் முடித்தாய்! நான் அதைத் துடைத்து எடுத்துவைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனைக்குப் படித்த இங்கிலீசும் போனில் சொல்லை அடித்தால் உச்சரித்துக் காட்டுகிற பெண் குரலும் எனக்குப் போதும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். ஐம்பத்தாறு வயதில் ஒரு பாசை பிடிபடாது என்று சொல்கிறவர்களை என்னிடம் அனுப்பு.

அப்பாவின் பகிடிதான் தாங்கமுடியவில்லை. "உமக்கென்ன விசரே? மாட்டோட பிரெஞ்சில கதைக்கப் போறீரோ?" என்றார். "மாடெண்டாலும் கேக்கும், நீங்கள் கேக்கமாட்டியள்" என்றேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் வினைச்சொற்களுக்கு அட்டவணை இருந்தது. ஒரு வினைக்கு நான், நீ, அவன் என்று ஆறு ஆள், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிரல். நான் ஒரு நாளைக்கு ஒரு நிரலைத் துண்டுக் கடதாசியில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குப் போவேன். களை பிடுங்கிக்கொண்டே சொல்லுவேன். ஒரு வரம்பிலிருந்து மற்ற வரம்புக்குப் போவதற்குள் ஆறு ஆளும் முடிந்துவிடும், திரும்பி வருகையில் அடுத்த வினை. பக்கத்து வயல் பெண்கள் முதலில் நான் விரதம் இருந்து மந்திரம் சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "அக்கா, எந்தச் சாமிக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். பிரெஞ்சுச் சாமிக்கு என்றேன். அவளும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

அட்டவணையின் கடைசி நிரலுக்கு ஏம்பார்ஃபே து சுப்ஜோங்க்தீஃப் என்று பெயர். வாயில் நுழையவே ஒரு கிழமை எடுத்தது. நடக்கவேண்டும் என்று முன்பு ஆசைப்பட்டதையும், நடந்துவிடுமோ என்று முன்பு பயந்ததையும் சொல்லுகிற வடிவம் அது. 'இரு' என்கிற வினை அதில் ஃபுஸ், ஃபுஸ், ஃபு, ஃபுஸ்ஸியோன், ஃபுஸ்ஸியே, ஃபுஸ் என்று போகும். அந்த நிரலில் எழுத்து மங்கி, மேலே மையும் ஊறி, வாசிக்கவே முடியாமல் கிடந்தது. வேறு யாரும் என்றால் விட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் வயல் எங்கே இருக்கிறது, சொல்லு பார்ப்போம். வாய்க்காலின் கடைசியில். இரணைமடுக் குளத்திலிருந்து முறைத்தண்ணி திறந்தால் மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சி முடிந்த பிறகுதான் எங்களுக்கு வரும். "கடைசி வயல்தானே, இந்தமுறை விடுங்கோ" என்று வயல்காரர் கூட்டத்தில் யாராவது சொன்னால் நான் எழும்பி நின்று எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு கடைசி நிரலைக் கடைசியில் இருக்கிறது என்பதற்காக விடுவேனா? எழுத்தெழுத்தாகப் பார்த்து, தெரியாததைப் போனில் தேடி, ஏழு மாதம் அதிலேயே நின்றேன். இருநூற்றுச் சொச்சம் வினைகளையும் அந்த வடிவத்தில் தலைகீழாகச் சொல்லுவேன்.

பிறகு ஒருநாள் பெருமையாக உனக்குச் சொல்லிக் காட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறியது. "அம்மா, இதை அங்க ஒருத்தரும் கதைக்கிறேல்லை. பழைய கதைப் புத்தகத்திலதான் கிடக்கும். பிரான்சில பிறந்தவனுக்கே பாதி தெரியாது" என்றாய். ஏழு மாதம், மகன்! அந்த ஏழு மாதத்தில் சந்தையில் மரக்கறி வாங்குகிற பிரெஞ்சு முழுவதும் படித்திருக்கலாம். உன்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கி நெல் மூட்டைக்கு மேலே எறிந்தேன். அப்பா அதை எடுத்துத் தட்டி மேசையில் வைத்துவிட்டு, "கடைசி வயலிலயும் விளையும் தானே" என்று மட்டும் சொன்னார். அந்த மனிசன் எப்போதாவதுதான் நல்லதாக ஒன்று சொல்லும்.

இடையில் எலோடி ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் எடுப்பாள். மழை பெய்ததா, முழங்கால் எப்படி, கோழி அடைகிடக்கிறதா என்று மெதுவாகக் கேட்பாள், நானும் தட்டித்தடவிப் பதில் சொல்லுவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள்தானே, பொறுமை இருக்கிறது. நான் பிழையாகச் சொன்னால் சிரிக்கமாட்டாள். சரியாக அதையே திருப்பிச் சொல்லுவாள், நான் பிடித்துக்கொள்ளுவேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் "அம்மா" என்று கூப்பிடும்போது, இந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது தெரியாதே, தெரியாமல்தானே இவ்வளவு அன்பாக இருக்கிறாள் என்று நினைப்பேன். அன்பைக் களவெடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. இவளுக்கு ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிடும்போது, மிதிக்க விடமாட்டேன் என்று சொன்ன அதே வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

அதனால்தான் போன மாசம் உன்னிடம் கேட்டேன், சொல்லிவிடட்டுமா என்று. நீ பதறினாய். "வேண்டாம் அம்மா, பழசைக் கிளறாதேங்கோ. டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சு. அவள் தாங்கமாட்டாள். சத்தியமா சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ." நானும் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அந்தத் "தாங்கமாட்டாள்" என்ற சொல் என்னைப் போட்டு உருட்டத் தொடங்கியது. அதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். சண்டை முடிந்து நாங்கள் முகாமில் இருந்தபோது, ஊருக்குத் திரும்ப விடுவதற்கு முதல் ஆண்களை ஒருதரம் காணி பார்த்துவர விட்டார்கள், உனக்கு நினைவிருக்கும். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சுவர் நிக்குது, கூரைதான் போயிட்டுது" என்றார். நான் அந்தச் சுவருக்குள் எந்த மூலையில் அடுப்பு, எந்த மூலையில் உன் மேசை என்று இரண்டு மாதம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து இறங்கினால் கிணற்றுக்கட்டைத் தவிர ஒன்றும் இல்லை. வீடு போனதுக்கு நான் அழவில்லை. "உம்மால தாங்கேலாது எண்டு நினைச்சன்" என்று அவர் சொன்னதுக்குத்தான் அழுதேன். அத்தனையும் தாங்கி வந்தவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? கலியாணம் கட்டப் போகிறாய், இதை மட்டும் கேட்டுவை: பெண்சாதி எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று நீ இருந்து தீர்மானிக்காதே. சொல்லிப்போட்டுப் பக்கத்தில் இரு. அப்பாவுக்கு அது விளங்கப் பல வருசம் போனது.

நேற்றுப் புதன்கிழமை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், நீ வேலையில். எனக்கு மத்தியானச் சமையல் முடிந்திருந்தது. அப்பாவை வயலுக்குத் துரத்திவிட்டு, கதிரையை முற்றத்து வேப்பமர நிழலில் போட்டுக்கொண்டு நானே அவளுக்குப் போன் எடுத்தேன். சொல்ல நினைத்த வசனத்தைக் கட்டும்போதுதான் கவனித்தேன், அது முழுக்க அந்தக் கடைசி நிரலில் கிடந்தது. முன்பு நான் விரும்பாதது, முன்பு நான் பயந்தது. புத்தகத்தின்படி அதை வேறு எந்த வடிவத்திலும் சொல்ல எனக்குத் தெரியாது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "ஜ ந வூலே பா க வூ வேன்ஸியே ஷே நூ." நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை நான் விரும்பவில்லை.

அவள் திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வடிவத்தைத் தான் பள்ளிக்கூடத்தில் எழுதியதோடு சரி, தன்னிடம் யாரும் இதில் கதைத்ததே இல்லை என்றாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று தெரியும். அந்த முதல் நாள் நான் வடிவு என்று மட்டும் சொல்லவில்லை, வாசல் மிதிக்க விடமாட்டேன் என்றும் சொன்னேன், என் மகன் உன்னிடம் அதை மறைத்துவிட்டான், அவனில் பிழை இல்லை, என் பிள்ளையை நீ எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன், என்னை மன்னித்துக்கொள் என்று, சரியும் பிழையுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். போனை எந்தப் பக்கம் பிடித்திருந்தேனோ, அவளுக்கு என் முகம் தெரிந்ததா வேப்பமரம் தெரிந்ததா என்றுகூடத் தெரியாது.

அவள் முழுதையும் கேட்டு முடித்தாள். பிறகு சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். "எனக்குத் தெரியும் அம்மா. அண்டைக்கே தெரியும். போனை வைச்ச கையோட உங்கட மகன் எல்லாத்தையும் சொன்னவர். அம்மா பாதிதான் நல்லாச் சொன்னவா, மற்றப் பாதி இதுதான், உனக்குப் போகவேணுமெண்டால் போ, ஆனா தெரியாமல் இருக்காதை எண்டவர்."

 "தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தனி?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகு பிரெஞ்சில் கேட்டேன். ஓம் என்றாள். முதல் கிழமை முழுக்க அழுதாளாம். பிறகு, இந்த அம்மா ஒருநாள் தானே சொல்லுவா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் பிரெஞ்சு படிக்கிறேன் என்று கேள்விப்பட்டதும், அதற்காகத்தான் படிக்கிறேன் என்று நினைத்தாளாம். மாதக்கணக்காக நான் சொல்லாமல் விட, போன கிழமை அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. டிக்கெட்டை மாற்றச் சொல்லி உன்னிடம் கேட்போமா என்றுகூட யோசித்தாளாம். நீ இதை அறிவாயோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "இப்ப மிதிக்கலாமோ, அம்மா?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு பிள்ளை" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், இரண்டு பேரும் அழுதோம். அவள் அங்கே கடதாசியில் மூக்கைத் துடைத்தாள், நான் இங்கே சீலைத்தலைப்பில் துடைத்தேன். வயலிலிருந்து வந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்த வீடு ஏதோ என்று பயந்துபோனார்.

அதற்குப் பிறகு உன்னில் எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்கவேண்டும். என்னைக் காப்பாற்ற அவளிடம் பொய் சொன்னாய் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பொய் அவளிடம் இல்லை, என்னிடம். போன மாசம் "அவள் தாங்கமாட்டாள்" என்றாயே, யாரை நினைத்து அதைச் சொன்னாய்? அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தால் நான்தான் உடைந்துபோவேன் என்று பயந்திருக்கிறாய். அப்பாவின் பிள்ளைதான், அச்சு அசல்! நேற்றுப் பின்னேரம் முழுக்க உன்னை மனசுக்குள் ஏசிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி வைத்தேன். நான் உடையவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். இனி எனக்கும் எதையும் பாதியாகச் சொல்லாதே. எனக்கும் அவளுக்கும் நடுவில் இனி உன் மொழிபெயர்ப்பும் வேண்டாம். சண்டை பிடிக்க வந்தால் எங்கள் வாயாலேயே பிடித்துக்கொள்ளுவோம்.

இன்று விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போது கோபம் ஆறிவிட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்ற உன் நிலையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதை மறைத்திருந்தால் உனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். அவள் உன்னை விட்டுப் போயிருக்கவும்கூடும். தெரிந்துகொண்டும் நீ அவளுக்கு முழுதையும் சொன்னாய். அம்மாவுக்குத்தான் பாதி சொன்னாய். பிறந்த நாள் தொடக்கம் எனக்கு முதலில் சொல்லிப் பழகிய பிள்ளை, அன்றைக்கு முதன்முதலாக வேறொருத்திக்கு முதலில் சொல்லியிருக்கிறாய். வருகிற மாதம் கட்டப்போகிற தாலியும், மேளமும், பந்தலும் ஊருக்கு. உன் கலியாணம் இரண்டு வருசத்துக்கு முதல், அந்தப் போனை வைத்த கையோடேயே முடிந்துவிட்டது, மகன். எனக்குத்தான் அழைப்பு நேற்று வந்து சேர்ந்தது.